நாய்க்குப் பின்னால் தெரிகிற சுவர்

அந்த நாயை எனக்குப் பிடிக்காது. அது செத்த பிறகு நல்ல பிள்ளை வேஷம் போடுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏ.சி. மெக்கானிக். செம்புக் குழாய்க்கு மேல் மாட்டுகிற கறுப்பு நுரை உறையைக் கண்டால் அந்த நாய்க்குப் பல் தினவெடுக்கும். காலையில் வேலைக்குப் போய்ப் பையைத் திறந்தால் பாதி உறை குதறிக் கிடக்கும், மீதியில் ரோமம் அப்பியிருக்கும். ஊரார் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ரோமம் பொறுக்குகிறவனுக்கு நாய்ப் பாசம் எங்கிருந்து வரும்?

நாய் என் மாமனாருடையது. அவர் ரயில் ஓட்டினவர். ஓய்வு பெற்று, மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடு இருக்க வந்தார். ஒரு தகரப் பெட்டியும் இந்த நாயும் கூடவே வந்தன. நாய்க்கு அவர் வைத்த பெயர் கார்டு. ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டுவாரே, அந்த கார்டு. மற்ற நாய்கள் வாரை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடும். இது கிழம், அதோடு சோம்பேறி. எப்போதும் அவருக்குப் பின்னால்தான் வரும், நினைத்த இடத்தில் படுத்துக்கொள்ளும்.

"டிரைவர் முன்னாடி, கார்டு பின்னாடி. கார்டு கொடி காட்டாம வண்டி நகரக் கூடாது மாப்ள" என்பார். எழுந்து வர அதற்கு மனசு வரும்வரை நடுத்தெருவில் வெயிலில் நிற்பார்.

மறதி ஒரே நாளில் வரவில்லை. முதலில் சாவி போனது, பிறகு பெயர்கள், பிறகு வழி. ஒரு நாள் வீட்டுச் செருப்போடு கிளம்பிப்போனவரை ரயில்வே யார்டில், துருப்பிடித்த பெட்டிகளுக்கு நடுவிலிருந்து கூட்டிவந்தோம். அன்றைக்கே என் மனைவியின் அண்ணன் போன் போட்டார். மச்சான் வேறு ஊரில் மருந்துக் கம்பெனியில் மேனேஜர். எதையும் முடிவு செய்துவிட்டுத்தான் நம்மிடம் யோசனை கேட்பார்.

"ஒரு இடம் இருக்கு. டாக்டர், நர்ஸ் எல்லாம் உண்டு. கேட்டைப் பூட்டித்தான் வெச்சிருப்பாங்க, வெளிய போற பேச்சே இல்ல. சொல்லி வெச்சுட்டேன்" என்றார்.

"பூட்டியாண்ணா வெப்பாங்க?" என்றாள் இவள், என் மனைவி.

"பின்ன? திறந்து விட்டா என்ன ஆகுதுன்னு பாத்தேல்ல."

இவள் ஒற்றைக்காலில் நின்றாள். வாழ்நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்த மனுஷன், ஒரு அறையில் அடைத்தால் ஆறு மாதம் தாங்க மாட்டார், அந்தச் சாயங்கால நடை ஒன்றுதான் அவருக்கு மிச்சம் என்று அழுதாள். கடைசியில் மச்சான் இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு. இன்னொரு தடவை இப்படி எதுவும் நடந்தால் அவரே காரை எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போய்விடுவார், அப்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. நான் அப்போதும் பேசவில்லை. மச்சான் சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது.

இவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பாவுக்குப் போனில் பேச வராது. காதில் வைத்தால் வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். எழுத்துத் தட்டுவதும் மறந்துபோயிருந்தது. ஆனால் படிப்பதில் ஒரு குறையும் இல்லை, போட்டோ எடுத்து அனுப்பவும் கை பழகியிருந்தது. ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அது எந்த இடம் என்று பார்த்து இவள் பதில் போடுவாள். இடது, வலது, நேரா. அவ்வளவுதான்.

தெருவை எடுங்கள் என்று சொன்னபோது வானத்தை எடுத்தார், தன் கட்டைவிரலை எடுத்தார். கார்டை எடுங்கப்பா என்று சொன்ன பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. திரும்பி நின்று, நாயை நடுவில் வைத்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு எடுப்பதுபோல நிதானமாக எடுப்பார். நாய்க்குப் பின்னால் தெருவும் தானாக வந்து விழுந்துவிடும்.

பதில் வரும்வரை ஓர் அடி எடுத்துவைக்க மாட்டார். மழை வந்தாலும் மாட்டார். பதில் வந்துவிட்டால் அதற்கப்புறம் நிற்கவும் மாட்டார். "சிக்னல் விழாம வண்டி எடுக்கக் கூடாது மாப்ள. விழுந்துட்டா நிக்கக் கூடாது. பின்னாடி வண்டி வந்துட்டிருக்கும்" என்று எனக்குப் பாடம் நடத்தினார். என் பெயர் மறந்துபோனவருக்கு அது மறக்கவில்லை.

இவள் ஒரு பெரிய துணிக்கடையின் அடித்தளத்தில் ஆல்டரேஷன் பிரிவில் வேலை பார்க்கிறாள். பேன்ட் நீளம் குறைப்பது, சட்டை இடுப்பைப் பிடிப்பது. அங்கே ஏ.சி. மக்கர் செய்து ஒரு நாள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏணியில் நின்றபடி இவள் சிக்னல் போடுகிற அழகைப் பார்த்தேன். போன் நூல்கண்டு டப்பாவில் சாய்ந்திருந்தது. கால் மிஷினை மிதித்தபடி, வலது கை துணியைத் தள்ளியபடி இருந்தது. போன் கிணுக் என்றது. ஒரு பார்வைதான். இடது கைப் பெருவிரலால் ஒரு தட்டு. மிஷின் நிற்கவே இல்லை.

"அதுக்குள்ள என்னத்தப் பாத்த?"

"பல்பொடி விளம்பரச் சுவர். இடது. அடுத்து தண்ணித் தொட்டி வரும், அங்க வலது. ஒவ்வொரு சுவரும் எனக்கு மனப்பாடம்ங்க."

"நாய் எப்படி இருக்கு?"

"நாயா?" என்று சிரித்தாள். "நாயை யாரு பாத்தா?"

நானும் சிரித்தேன். ஏணியின் மேல் நின்று நன்றாகவே சிரித்தேன்.

இப்படியே மழைக்காலம் போனது, வெயில் வந்தது. மாமனார் தினமும் சாயங்காலம் கிளம்பிப்போய் வந்தார். மச்சான் போன் செய்யும்போதெல்லாம் இவள் அன்றைய போட்டோக்களை அவருக்கு அனுப்பிவைப்பாள். "பாருண்ணா, ராஜா மாதிரி போயிட்டு வராரு." மச்சான் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்புவார்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் வந்தது. துணிக்கடையில் சீருடை மலைபோலக் குவிந்திருந்தது. இவளுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. அன்று சாயங்காலம் ஒரு வேலைக்கு நடுவில் ஏ.சி.க்கு நிரப்புகிற கேஸ் சிலிண்டர் எடுக்க நான் வீட்டுக்கு வந்திருந்தேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் மாமனார் நிற்கிறார். கையில் நாயின் வார் மட்டும். அதன் முனையில் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது.

"மாமா, நாய் எங்க?"

கொக்கியைப் பார்த்தார். திரும்பித் தெருவைப் பார்த்தார். "பின்னாடி வருது" என்றார்.

பின்னாடி எதுவும் வரவில்லை. அவருடைய பேன்ட் முட்டியில் ஈரமாக ஒரு திட்டு. தண்ணீர் என்று நினைத்துத் தொட்டேன். என் விரலில் சிவப்பாக ஒட்டியது. அவருக்குக் காயம் இல்லை. உட்காரவைத்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன்.

முதல் போட்டோக்கள் வழக்கம்போல்தான் இருந்தன. பச்சைக் கேட், பல்பொடிச் சுவர். அடுத்தது தண்ணீர்த் தொட்டிச் சுவர். நாய் படுத்திருந்தது. தலையை மட்டும் தூக்கி நேராக கேமராவைப் பார்த்தது. பின்னங்கால் இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்கவில்லை. அடியில் தரை கறுத்திருந்தது. அதற்குக் கீழே என் மனைவியின் பதில்: வலது.

அடுத்ததும் அதே இடம். இன்னும் கிட்டத்தில் போய் எடுத்திருந்தார். பதில்: வலதுப்பா.

அதற்கடுத்ததில் அவர் முட்டி போட்டு உட்கார்ந்து எடுத்திருக்க வேண்டும். அவருடைய கை நாயின் தலைமேல் இருந்தது. தலை தரையில் இருந்தது. பதில்: வலது பக்கம் போங்கப்பா, ஒரே இடத்துல நின்னுட்டே இருக்காதீங்க.

பிறகு பூங்கா வாசல். போட்டோவின் நடுவில் வெறும் தரையும் வாரும். பதில்: நேரா. கடைசியாக எங்கள் தெரு. பதில்: வந்துட்டீங்க, உள்ள போங்க.

மாமனாரை உள்ளே விட்டு வெளியே பூட்டினேன். பூட்டும்போது கை கூசியது. வண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன்.

தொட்டிக்கு எதிரே சாவி செய்கிறவர் ஒருவர் கடை போட்டிருக்கிறார். நான் இறங்கிச் சுற்றுமுற்றும் பார்ப்பதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. சுவரோரமாகச் சாக்கு போர்த்திய இடத்தைக் காட்டினார்.

"ஒரு வேன்காரன் பாக்காம ரிவர்ஸ் எடுத்தான். நிக்கவே இல்ல, போயிட்டான்" என்றார். "பெரியவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமனார்."

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. அவரு என்ன மனுஷன்? நாய் உயிரோட துடிச்சிட்டிருக்கு. இவரு போட்டோ எடுக்கறாரு. ஆட்டோவைக் கூப்பிடட்டா, டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போலாம்னு கேட்டேன். கையைக் காட்டி நிறுத்திட்டாரு. போனையே பாத்துட்டிருந்தாரு. அப்பறம் என்னத்தையோ படிச்சாரு, கொக்கியைக் கழட்டினாரு, எழுந்து போயிட்டாரு. அது தலையைத் தூக்கி அவரு திரும்பற வரைக்கும் பாத்துச்சு. கொஞ்ச நேரம் இருந்துச்சு சார். நான்தான் தண்ணி விட்டேன்."

அவருக்கு என்ன பதில் சொல்வது? அவர் ரயில் ஓட்டினவர், சிக்னல் விழுந்தது, எடுத்துவிட்டார் என்றா? "உடம்பு சரியில்லாதவரு" என்று மட்டும் சொன்னேன். அந்த நேரத்தில் யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. வேன்காரன் கிடைத்திருந்தால் அடித்திருப்பேன்.

சாக்கோடு தூக்கிவந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் குழி வெட்டிப் புதைத்தேன். அதன் வாயோரத்தில் என் நுரை உறையின் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. எடுக்காமல் விட்டுவிட்டேன்.

இவள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். சுற்றிவளைக்காமல் சொன்னேன், ஆனால் ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்னேன். "வேன் மோதின உடனே போயிடுச்சாம். கஷ்டப்படல."

கைப்பையைத் திறந்து தன் போனை எடுத்தாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முதல் போட்டோவை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். அடுத்ததை விரித்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

"இதுல தலையைத் தூக்கிப் பாக்குதுங்க" என்றாள்.

போனை வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை.

"மூணு தடவை அனுப்பியிருக்காரு. என்ன பண்றதுன்னு கேட்டிருக்காரு. நான் நெட்வொர்க் சரியில்லன்னு நினைச்சேன். திட்டி வேற அனுப்பியிருக்கேன்."

"அது எப்பவும் படுத்துக்கற நாய்தானே. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

"நான் அதைப் படுத்திருக்குன்னுகூட நினைக்கலங்க. பாக்கவே இல்ல. பின்னாடி தொட்டிச் சுவர் இருந்துச்சு. வலதுன்னு போட்டேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும். எழுந்து போய் அப்பாவின் பேன்ட்டைக் கழற்றி மாற்றிவிட்டு, அந்த முட்டியை வெகுநேரம் கசக்கினாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது மாமனார் தட்டில் கைவைக்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். வழக்கமாக நாய் கிடக்கிற இடம் அது. பிறகு மகளைப் பார்த்தார். அவர் முகம் அன்றைக்குத் தெளிவாக இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"சிக்னல் விழுந்துச்சும்மா" என்றார். "ஆனா கார்டு கொடி காட்டல. கூப்பிட்டுப் பாத்தேன், எழுந்திருக்கல. மறுபடியும் சிக்னல் விழுந்துச்சு. எடுத்திருக்கக் கூடாதோ?"

இவள் குனிந்து சோற்றைப் பிசைந்தாள்.

"சிக்னல் விழுந்தா எடுக்கணும் மாமா" என்றேன் நான். "நீங்க பண்ணது சரிதான்."

"கார்டை விட்டுட்டு வந்துட்டேனே மாப்ள" என்றார். "மேல இருந்து விளக்கம் எழுதிக் கேப்பாங்க." அதற்குள் அவர் கண்ணில் வெளிச்சம் போய்விட்டது.

மறுநாளிலிருந்து அவர் வெளியே போகவில்லை. சாயங்காலம் ஆனதும் செருப்பைப் போட்டுக்கொண்டு, வாரைக் கையில் பிடித்தபடி கதவருகே நாற்காலியில் உட்காருவார். கார்டு இன்னும் வரவில்லை என்பார். நான் கூட வருகிறேன் என்றாலும் நகர மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புவார். நாற்காலிக் கால், மிதியடி, காலியான கொக்கி. கடையில் இவள் மிஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் விரித்து விரித்துப் பார்ப்பதாகக் கூட வேலை பார்க்கிற பெண் சொன்னாள். தைத்த தையலைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறாளாம்.

"மச்சானுக்கு நாம எதுவும் சொல்ல வேணாம். நாய் வயசாகிச் செத்துச்சு, அவ்வளவுதான்" என்றேன் ஒரு நாள். அதைச் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் ராத்திரியில் வெளியே போய்விடக் கூடாதென்று கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்து முதுகு விட்டுப்போனவன் நான். அவர் போனால் நிம்மதி என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன்.

"நேத்தே சொல்லிட்டேங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை வராரு."

"எதுக்குச் சொன்ன?"

"நான் என்ன போட்டாலும் அப்பா அப்படியே செய்வாருங்க. கிணத்துல குதிங்கன்னா குதிப்பாரு. அவ்வளவு நம்பிக்கை. நான் பாத்தது சுவரை. இனிமே எதைப் பாக்காம விடுவேன்னு எனக்கே தெரியல. பயமா இருக்கு."

"நான் பாத்துக்கறேன். நேரத்தை மாத்தி வேலைக்குப் போறேன்."

"நீங்க எத்தனை நாளைக்குப் போவீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். நல்லவர்தான். அப்பாவின் தகரப் பெட்டியைத் தானே தூக்கிக் காரில் வைத்தார். குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, வேலைக்குப் போகிறவர் மாதிரி படியிறங்கினார். வாரை மட்டும் மகள் கையில் கொடுத்துவிட்டார்.

"ஏறுங்கப்பா" என்று மச்சான் கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

அவர் ஏறவில்லை. பையிலிருந்து போனை எடுத்தார். திரும்பி நின்று, நிதானமாக ஒரு போட்டோ எடுத்தார். இரண்டு கை தூரத்தில் நின்ற இவளுடைய போன் கிணுக் என்றது.

"என்ன பண்றாரு?" என்றார் மச்சான்.

"சிக்னல் கேக்கறாரு" என்றேன்.

இவள் போனைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். பின்னால் எங்கள் வீட்டுச் சுவர், நான் மாட்டிய ஏ.சி.யின் தண்ணீர் வழிந்து பாசி பிடித்த இடம். நடுவில், எப்போதும் நாய் இருக்கிற இடத்தில், கையில் வாரோடு இவள். இந்தத் தடவை அவள் சுவரைப் பார்க்கவில்லை. தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொல்லணுமாங்க?" என்றாள் என்னிடம்.

வேறு யார் சொன்னாலும் அவர் ஏற மாட்டார். மூன்று பேருக்கும் அது தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெருவிரலால் தட்டினாள். நேரா போங்கப்பா.

அவர் படித்தார். தலையாட்டினார். ஒரு காலைக் காருக்குள் வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். திரும்பி மகளைப் பார்த்தபடி நின்றார். நெற்றி சுருங்கியிருந்தது. மச்சான் தோளைத் தொட்டு, "ஏறுங்கப்பா, அதான் சொல்லிட்டாளே" என்றார். அவர் அசையவில்லை. ஒரு தடவை கார்டிடம் கொடி வாங்காமல் வண்டியை எடுத்து என்ன ஆயிற்று என்று அவருக்கு எங்கோ ஞாபகம் இருந்திருக்கிறது.

எனக்குப் புரிவதற்கு முன்னால் இவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்தது அந்த வார்தான். அதைத் தலைக்கு மேலே தூக்கி, மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

அவர் முகம் தெளிந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தார். கார் பச்சைக் கேட்டைத் தாண்டித் திரும்பியது. நான் போய்ப் பிடித்து இறக்கிவிடும்வரை இவள் கை தூக்கியபடியே இருந்தது.